பழக்கம் சார்

நடந்து போகும்போதுகூடப் போக்குவரத்துக் காவலரைக் கண்டால், சட்டைப் பையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற மனிதர் ஜெயபால். வேலப்பன்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறார். கூரியர்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்றபடிதான் கதவைத் திறப்பார். ஊரில் கேட்பாரற்றுக் கிடந்த பயத்தையெல்லாம் பொறுக்கி வந்து வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். அவற்றில் நியாயமான பயம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. அது நூம்பலில் இருந்த அவருடைய சொந்த வீட்டின் கூரை.

முதலில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. அது குழம்பில் விழுகிறது என்று மனைவி ஹில்டா உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாள். பிறகு வடை அளவில் காரை விழுந்தது. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால், கட்டிலில் தலையணைமேல் இன்னொரு தலையணை அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு சாவகாசமாகப் படுத்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டின.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடமாட்டமே மாறிப் போயிற்று. ஹாலின் நடுவில் யாரும் கால் வைப்பதில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் சுவரை ஒட்டி, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். சத்தமாகப் பேசினால் அதிர்ந்து விழுமோ என்று எல்லாம் கிசுகிசுப்புதான். கூரை முழுவதிலும் நம்பத் தகுந்த இடம், பீமுக்குக் கீழே ஒரு நாற்காலி போடும் அளவுக்குத்தான் இருந்தது. அலுமினிய அன்னக்கூடை ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். விழுவதைப் பாதி வழியில் ஏந்திப் பிடிப்பதில் ஜெயபால் நல்ல தேர்ச்சி அடைந்திருந்தார். அவர் வாழ்க்கையில் தேர்ச்சி அடைந்த இரண்டாவது விஷயம் அது. முதலாவது, வேனை ரிவர்ஸ் எடுப்பது.

இதெல்லாம்கூடப் போகட்டும். மகள் ஷாரனுக்கு ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை தினேஷ் வீட்டார் ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வானகரத்தில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஆறு பேராக இருக்கும் அவர்களிடம், "பிள்ளையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வாய் வராது. பிறக்கிற குழந்தை வந்து படுக்கப் போவது அதே கட்டிலில், அதே கம்பிகளுக்குக் கீழே.

சபையில் மேக்ஸ்வெல் என்றொரு இன்ஜினியர் இருந்தான். வந்து பார்த்துவிட்டு, சுவரோரமாகவே நின்று சொன்னான்.

"இத்த ரிப்பேர் பண்ண முடியாதுண்ணே. இடிச்சிட்டுக் கட்டணும். ரெண்டு ரூமு, ஹாலு, கிச்சன். நல்ல கம்பி, நல்ல சிமெண்ட். பிளான் நான் நாளைக்கே போட்டுடுவேன். ஆனா..."

"இன்னாடா ஆனா?"

"வாரியம் கீதே."

ஜெயபால் சுவரில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டார்.

மேற்குப் புறநகர்ப் பண்பாட்டு வடிவமைப்பு வாரியம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. அந்தப் பகுதிகளில் எவர் வீடு கட்டினாலும், அவரவர் பண்பாடு என்ன என்று வாரியம் கண்டறிந்து, அதற்கேற்ற வீட்டை வாரியமே வடிவமைத்துத் தரும். அதைத்தான் கட்ட வேண்டும். 'உங்கள் வீடு, உங்கள் பண்பாடு, எங்கள் அனுமதி' என்று வாசலில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்.

"அனுமதி இல்லாம கட்னா அவங்களே வந்து இடிச்சிடுவாங்கண்ணே" என்றான் மேக்ஸ்வெல்.

"அனுமதிக்குக் காத்துனு இருந்தா அதுவே இடிஞ்சிடும்" என்றாள் ஹில்டா, கிசுகிசுப்பாக.

வாரியத்தைப் பற்றிய விவரம் கேட்க ஜெயபால் பக்கத்துத் தெரு எத்திராஜிடம் போனார். எத்திராஜ் வீட்டார் தலைமுறை தலைமுறையாக நூம்பலில் நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் மனைகளாகி, எத்திராஜ் இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் வாரியம் வடிவமைத்த வீட்டில் குடியேறியவர்.

"வாய உட்டுட்டேன் மச்சான்" என்று ஆரம்பித்தார் எத்திராஜ். "உங்க பண்பாடு இன்னான்னு கேட்டானுங்கோ. கெத்தா இருக்கட்டுமேன்னு, 'நாங்க பரம்பரை விவசாயம்'ன்னேன். அவ்ளோதான். ஊடு மொத்தமும் மாட்டுக் கொட்டா. மனுசனுக்கு ஓரமா ஒரு ரூம் குடுத்துக்கிறான். நானும் எம் பொண்டாட்டி தாட்சாயிணியும் கொட்டாலதான் குந்திகினு டி.வி. பாக்கறோம். மொட்ட மாடில நெல்லு காய வெக்க களம். காரு ரோட்ல நிக்குது."

"அய்யய்யோ."

"இரு, முழுசா கேளு. அப்பால ஒரு நாளு செக்கிங் வந்தானுங்கோ. 'மாடு எங்க?'ன்றான். நான் எங்க போறது மாட்டுக்கு? அயனம்பாக்கம் ஏரிக்கரையாண்ட ஒரு ஆளப் புட்ச்சி, ஒரு மாட்ட வாடகைக்கு இட்டுகினு வந்து கட்னேன். அது இன்னாடான்னா சோபாவ மோந்து பாத்துட்டு, செக்கிங் ஆபீசர் சட்டய நக்குது. அவரு அழுதுட்டாரு மச்சான். 'எவ்ளோ பாசம்!'னு எழுதிகினு போனாரு. இப்ப மாசா மாசம் வராரு. மாடும் மாசா மாசம் வருது."

ஜெயபால் ரோட்டில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க ரேஞ்சே அதான்" என்று தொடர்ந்தார் எத்திராஜ். "பூந்தமல்லில நகைக்கட வெச்சிருக்காரே சேட்டு, அவருக்கு வாசல்ல பூரா மணலு கொட்டச் சொல்லி பிளான் குடுத்தாங்கோ. ஒட்டகத்துக்கு எடம் போதுமான்னு கேட்டாங்களாம். அந்தாளு ஒட்டகத்த வண்டலூர் ஜூலதான் பாத்துக்கிறாரு."

"நான் இன்னாதான் சொல்றது எத்திராஜு?"

எத்திராஜ் குரலைத் தாழ்த்தினார். "வாயத் தொறந்து எதயும் விளக்காத. இன்னா கேட்டாலும் 'பழக்கம் சார்'னு சொல்லிடு. அதுக்கு மேல ஒரு கேள்வி வராது. அந்த வார்த்தயக் கேட்டா அவனுங்களுக்கு சாமி பாத்த மாரி ஆயிடுது. இன்னொண்ணு, கூர உழுதுன்னு மட்டும் சொல்லிடாத. ஆபத்தான கட்டடம்னு அன்னிக்கே சீல் வெச்சிடுவானுங்கோ. அப்பால நீ ஊடும் இல்லாம, பண்பாடும் இல்லாம தெருவுல நிப்ப."

வாரியத்தின் கட்டடம் ஏழு மாடிக் கண்ணாடி. உள்ளே ஏசி குளிரில் ஜெயபாலின் பயம் இன்னும் கெட்டிப்பட்டது. வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்க பண்பாடு?"

"கிறிஸ்டியன் மேடம்."

"அது மதம். பண்பாடு?"

"வேன் டிரைவர் மேடம்."

"அது தொழில்."

"நூம்பலுங்க."

"அது ஊர். சார், இதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கோ அதுதான் பண்பாடு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஜெயபால் இதையெல்லாம் எடுத்துவிட்டு யோசித்துப் பார்த்தார். வியர்வை மட்டும் மிச்சம் இருந்தது.

"வீட்ல வேற யாராவது வேற பண்பாட்டுக்காரங்க இருக்காங்களா?"

"மாப்பிள்ள இந்து மேடம். தினேஷ்னு பேரு. பொண்ணு மாசமா இருக்கா."

பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். "பிறக்கப் போறது எந்தப் பண்பாடு?"

"அஞ்சு மாசந்தான் மேடம் ஆவுது" என்றார் ஜெயபால், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

வழக்கு சிக்கலானது என்று அவரை இயக்குநரிடம் அனுப்பினார்கள். இயக்குநர் டாக்டர் கிருஷ்ணப்பிரியா கைத்தறிப் புடவையில், கண்ணாடிச் சுவருக்கு முன்னால், சுழல் நாற்காலியில் இருந்தார். பேசுவது ஒரு ஆள் கேட்க என்றாலும், ஆயிரம் பேர் கேட்பதுபோலப் பேசுவது அவர் வழக்கம்.

"பயப்படாதீங்க மிஸ்டர் ஜெயபால். நாங்க எதையும் மக்கள்மேல திணிக்கிறதில்லை. அதனாலதான் மக்கள் சொல்றதைக் கேட்கறதும் இல்லை. கேட்டா என்ன சொல்வாங்க? காத்து வரணும், வெளிச்சம் வரணும், மழை ஒழுகக் கூடாதும்பாங்க. இதெல்லாம் வசதி. வசதி உலகம் பூரா ஒரே மாதிரிதான் இருக்கு. அதுல ஏது பண்பாடு? எங்க ஒருத்தர் வசதிக் குறைவா, ஏன்னே தெரியாம ஒண்ணைச் செய்யறாரோ, அங்கதான் பண்பாடு தொடங்குது. அதை நாங்க உற்றுநோக்கிக் கட்டடமா மாத்தறோம்."

ஜெயபால் தலையாட்டினார். தலையாட்டும்போது அவருடைய கண் தன்னையறியாமல் கண்ணாடிச் சுவர்மேல் போயிற்று. டாக்டர் கிருஷ்ணப்பிரியா அதைக் கவனித்துவிட்டார்.

"இந்தக் கட்டடம் ஏன் இப்படி இருக்குன்னுதானே பாக்கறீங்க? அதிகாரிகளுக்குப் பண்பாடு கிடையாது. விதிமுறைதான் உண்டு."

அடுத்த மாதம் உற்றுநோக்கர் வருவார் என்றார்கள். அந்த ஒரு மாதமும் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

உற்றுநோக்கரின் பெயர் விஷ்ணு. இளைஞர். கையில் டேப்லட். சிரித்த முகம். சிரித்த முகத்தோடு வரும் அதிகாரியைக் கண்டால் ஜெயபாலுக்குப் பயம் இரட்டிப்பாகும். எதற்குச் சிரிக்கிறார் என்று வேறு கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று ஹில்டா காலையிலிருந்து வீட்டைத் துடைத்துத் துடைத்து, துணி கிழிந்து போயிருந்தது. ஜெயபால் ஷாரன் கல்யாணத்துக்குத் தைத்த பேண்டைப் போட்டிருந்தார். எத்திராஜ் வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்று இரவல் வாங்கி, வீட்டிலேயே பத்திரமான இடமான பீமுக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

"நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க" என்றார் விஷ்ணு. "எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இயல்பா இருங்க."

"சரிங்க சார்" என்றார்கள் ஜெயபாலும் ஹில்டாவும், தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல இயல்பாக நின்றுகொண்டு.

கொஞ்ச நேரம் கழித்து விஷ்ணு கேட்டார். "ஏன் யாரும் உட்காரல?"

ஜெயபால் ஹில்டாவைப் பார்த்தார். அதிகாரி முன்னால் எப்படி உட்காருவது? அதை எப்படி அதிகாரியிடமே சொல்வது?

"பழக்கம் சார்."

விஷ்ணுவின் முகம் மலர்ந்தது. டேப்லட்டில் விரல் ஓடியது. ஹில்டா காபியை எடுத்துக்கொண்டு சுவரோரமாக, முதுகைத் தேய்த்தபடி, நண்டு மாதிரி வந்தாள்.

"அம்மா ஏன் நடுவுல வராம சுத்தி வராங்க?"

"பழக்கம் சார்."

"ஏன் ரெண்டு பேரும் இவ்ளோ மெதுவா பேசறீங்க?"

"பழக்கம் சார்."

"அடிக்கடி மேலே பாக்கறீங்களே?"

இதற்கு ஜெயபால் வாயைத் திறப்பதற்குள் ஹில்டா பதறிப்போய், "ஆண்டவரு சார்!" என்றாள். விஷ்ணு தானும் மேலே பார்த்துப் பக்தியோடு தலை குனிந்து எழுதிக்கொண்டார்.

மதியம் கோழிக் குழம்பும் சோறும் அவருக்கு மட்டும் பரிமாறினார்கள். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டார். பழக்கம் சார். எப்போதுதான் சாப்பிடுவீர்கள்? அதுவும் பழக்கம் சார். வீட்டிலும் பேண்டோடுதான் இருப்பீர்களா? ஜெயபால் இடுப்புப் பட்டையைத் தளர்த்த முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பழக்கம் என்றார்.

அப்போதுதான் கூரையில் அந்தச் சத்தம் கேட்டது. நண்டு வளையிலிருந்து வருவது மாதிரி மெல்லிய நறநற. விஷ்ணுவுக்கு அது காதில் விழவில்லை. ஜெயபாலுக்கு விழுந்தது. யோசிக்க நேரமில்லை. அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு, பேண்ட் தையல் பிரிய, ஹால் நடுவில் ஒரே தாவல். தேங்காய் மூடி அளவில் காரை 'டங்'கென்று அன்னக்கூடைக்குள் இறங்கியது. ஹில்டா "ஸ்தோத்திரம்" என்றாள்.

விஷ்ணு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"இது... இது என்ன சார்?"

ஜெயபாலின் முன்னால் அன்னக்கூடை இருந்தது. அதற்குள் உண்மை இருந்தது. சார், கூரை விழுகிறது சார், என் பேரப்பிள்ளை வரப்போகிறது சார் என்று சொல்ல உதடு துடித்தது. உடனே சீல் வைக்கிற அரக்கும், தெருவில் பெட்டியோடு நிற்கிற ஷாரனும் கண்முன் வந்தார்கள்.

"பழக்கம்... சார்" என்றார். கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

"அந்தக் காலத்துலேருந்தா?"

"ரெண்டு வருசமா சார்" என்று சொல்ல வந்து, தலையை மட்டும் ஆட்டினார்.

"மறுபடியும் ஒரு தடவை செய்து காட்ட முடியுமா? வீடியோ எடுத்துக்கறேன்."

அது நம் கையில் இல்லை என்று ஜெயபால் சொன்னதை, விஷ்ணு ஆழ்ந்த தத்துவமாக எடுத்துக்கொண்டார். ஆனால் கூரை அன்று ஒத்துழைத்தது. கால் மணி நேரத்தில் இன்னொன்று விழுந்தது. ஜெயபால் அதையும் பிடித்தார்.

வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, விஷ்ணு எல்லோரையும்போல "வரேன்" என்றார்.

அவர் தெரு முனை திரும்பியதும் ஹில்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க, மறுபடியும் வராராமே!"

வடிவமைப்புத் தயாராகிவிட்டதாகத் தகவல் வந்தபோது ஷாரனுக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. "நானும் வருவேன் டாடி" என்று பிடிவாதமாக அவளும் தினேஷும் கூட வந்தார்கள். பெரிய அறை. இருட்டு. பெரிய திரை. வாரியத்தின் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜெயபால் அன்னக்கூடையோடு பாய்கிற காட்சியை மெதுவாக, நாதஸ்வர இசையோடு காட்டினார்கள். காரை, மேகத்திலிருந்து இறங்கும் வரம் மாதிரி இறங்கியது. பேண்ட் பிரிகிற இடத்தில் தவில் சேர்ந்துகொண்டது. அதிகாரிகள் கைதட்டினார்கள்.

பிறகு வீட்டின் படம் வந்தது.

"இது நிற்கும் கூடம்" என்று விளக்கினார் விஷ்ணு. "இந்தக் குடும்பம் உட்காருவதில்லை. எனவே உட்கார இடம் வைக்கவில்லை. சுற்றிச் சுவரோரமாக நடைபாதை. நடுவில் யாரும் மிதிக்காத புனித நடு. சாப்பாட்டு அறை தேவைப்படவில்லை. உற்றுநோக்கிய வரையில் இவர்கள் சாப்பிடுவதில்லை."

"அருமை" என்றார் டாக்டர் கிருஷ்ணப்பிரியா.

"வீட்டின் தலைசிறந்த பகுதி இதோ. அதிகாரி அறை. குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் வருகை தரும் அதிகாரியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. எனவே நல்ல காற்று, நல்ல வெளிச்சம், உறுதியான தளம், எல்லாம் இந்த அறைக்கு. வருடத்தில் ஒருமுறையாவது நாங்கள் வந்து அமர்வோம். மற்ற நாட்களில் பூட்டியிருக்கும்."

"மத்த ரூமுங்க?" என்று கேட்டான் தினேஷ்.

"மற்ற பகுதிகளுக்கு" என்று விஷ்ணு பெருமிதத்தோடு அடுத்த படத்தைத் தட்டினார், "உதிர்கூரை. இந்தக் குடும்பத்தின் மரபு அழிந்துவிடாமல் இருக்க, வாரந்தோறும் தானாகக் காரை உதிரும்படியான தனிக் கலவையை எங்கள் பொறியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். இப்போது விழுவதைவிடப் பெரிய துண்டுகளாக விழும்."

அறை முழுவதும் கைதட்டல். ஜெயபாலுக்குக் காதில் ரீங்காரம் கேட்டது. திரையில் அந்த உதிர்கூரையின் கீழே ஒரு கட்டில் வரைந்திருந்தார்கள். அதில் தலையணைகூட இருந்தது.

ஷாரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மேடம், அது மரபு இல்ல மேடம், காரை. மேல உழுந்தா கொழந்த செத்துடும் மேடம்."

"உங்க உணர்வு புரியுதும்மா" என்றார் டாக்டர் கிருஷ்ணப்பிரியா கனிவோடு. "கர்ப்பிணிகளோட கருத்தைப் பதிவு செய்ய நமக்குத் தனிப் பிரிவே இருக்கு. பிரசவம் முடிஞ்சதும் வாங்க. தவிர, தாத்தா ஏந்தினதைப் பேரன் ஏந்தறதுதானே தலைமுறைத் தொடர்ச்சி?"

"பொறந்த கொழந்த எப்டி மேடம் ஏந்தும்?"

"பழகிக்கும்."

ஒரு மனிதனுக்குள் இத்தனை பயம் இருந்தால், அவை தங்களுக்குள் முட்டிமோதிக்கொள்வதும் உண்டு. அந்த இருட்டறையில் ஜெயபாலுக்குள் அதுதான் நடந்தது. அதிகாரிமேல் இருந்த பயத்தைக் கூரைமேல் இருந்த பயம் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. அவர் எழுந்து நின்றார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"மேடம். எங்க ஊட்ல இன்னொரு பழக்கம் கீது மேடம்."

விஷ்ணு டேப்லட்டை எடுத்தார்.

"கொழந்த பொறந்தா... அது அதிகாரி ரூம்லதான் இருக்கும் மேடம். அதுக்கு முன்னால அதிகாரிகூட உக்கார மாட்டாரு. அது பெருசாவற வரிக்கும் அங்கதான் தூங்கும், அங்கதான் தவழும். மேல இருந்து ஒரு தூசி உழக் கூடாது." மூச்சு வாங்கியது. அடுத்த வார்த்தைக்கு உதவி தேவையில்லை. "பழக்கம் மேடம்."

"டாடி" என்று முணுமுணுத்தாள் ஷாரன். தினேஷ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

டாக்டர் கிருஷ்ணப்பிரியா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "சுவாரசியமா இருக்கு. ஆனா நீங்க சொல்றீங்க. சொல்றதை நாங்க ஏத்துக்கறதில்லை. நாங்க பாக்கணும். பாக்கறதுக்குக் குழந்தை வேணும், அறையும் வேணும்." அதிகாரிகள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். முடிவு வந்தது. அதிகாரி அறையை மட்டும் உடனே கட்ட இடைக்கால அனுமதி. குழந்தை வந்தபின் உற்றுநோக்கல் நடக்கும். பழக்கம் மெய்யானால் உதிர்கூரையை வீடு முழுவதும் ரத்து செய்வது பரிசீலிக்கப்படும். பொய்யானால் அறைக்குச் சீல், வீட்டுக்கும் சீல்.

மேக்ஸ்வெல் சபை ஆட்களைத் திரட்டி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தில் ராவும் பகலுமாக அந்த அறையை எழுப்பினான். ஜெயபால் வேன் ஓட்டாத நேரமெல்லாம் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். கட்டி முடித்ததும் ஒரு நாள் முழுக்க அதன் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெண் குழந்தை. ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்குத் தூக்கிவந்தார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை விஷ்ணு வந்தார்.

வருகிறார் என்று தெரிந்ததும் ஜெயபால் குடும்பத்தார் எல்லாரையும் நிற்க வைத்து ஒத்திகை பார்க்க நினைத்திருந்தார். எப்படிப் பணிந்து நிற்பது, எந்தப் பக்கம் கை கட்டுவது என்றெல்லாம் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தார். ஒன்றுக்கும் நேரமில்லாமல் போயிற்று. குழந்தை விடிந்ததிலிருந்து அழுது, அழுது, யார் தூக்கியும் அடங்காமல், அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. விஷ்ணு வாசலில் வந்து "வணக்கம்" என்று வாய் திறந்தார்.

"ஷ்ஷ்!" என்று ஐந்தாறு பேர் ஒரே குரலில் அவரை அடக்கினார்கள்.

விஷ்ணு வெலவெலத்துப் போய்விட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக, நுனிக்காலில் உள்ளே வந்தார். அறையின் நடுவில் கட்டில். அதில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம். சுற்றிலும் ஷாரன், தினேஷ், ஹில்டா, தினேஷின் அம்மா பொன்னியம்மா, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் கட்டில் அசையும். யாரும் மூச்சுவிடவில்லை. எல்லார் கண்ணும் அந்தப் பொட்டலத்தின் மேல். அது உதட்டைச் சுழித்தால் அறை முழுவதும் நடுங்கியது. கொட்டாவி விட்டால் எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

விஷ்ணுவுக்காகப் போட்டிருந்த நாற்காலியை ஜெயபால் சைகையால் காட்டினார்.

"வேணாம் சார், கிறீச்சுன்னு சத்தம் வரும்" என்று விஷ்ணு கிசுகிசுத்துவிட்டு, தானும் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். அது யாரும் சொல்லி வந்ததில்லை.

நேரம் போயிற்று. குழந்தை ஒரு கையைத் துணியிலிருந்து வெளியே எடுத்து, காற்றில் எதையோ பிடிப்பதுபோல விரல்களை விரித்தது. ஜெயபாலின் கண் சட்டென்று மேலே போயிற்று. விஷ்ணுவின் கண்ணும் கூடவே போயிற்று. புதுத் தளம் வெள்ளையாக, அசையாமல் இருந்தது. அப்போதுதான் விஷ்ணுவுக்கு என்னமோ புரிந்த மாதிரி இருந்தது. அடுத்த அறையின் திறந்த கதவு வழியே பழைய கூரையைப் பார்த்தார். தொங்கும் கம்பிகளைப் பார்த்தார். ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த, நெளிந்துபோன அன்னக்கூடையைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

ஜெயபாலின் அருகில் வந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"சார், மறைக்காம சொல்லுங்க. நிஜமாவே உங்க வீட்ல இப்படி ஒரு பழக்கம் இருக்கா?"

ஜெயபாலுக்கு வழக்கமான எல்லாப் பயமும் ஒன்றுகூடி வந்தது. வேர்த்தது. பொய் சொல்லிப் பழகிய வாய் திறந்தது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசியதால் அது தடம் மாறிப் போயிற்று.

"கீது சார்" என்றார். "போன வெள்ளிக்கெழமைலேர்ந்து."

விஷ்ணு அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, விரல் படுகிற சத்தம்கூடக் கேட்காதபடி டேப்லட்டை மெல்லத் தொட்டு எழுதினார்:

'தொன்றுதொட்டு.'